ஆசிரியரைத் தேடுவார்க்கு

எழுத்தும் எண்ணும் உழவும் தொழிலும் உலகிற்கு முதன்முதல் ஓதியருளிய ஆதிபகவன் விருஷபதேவரின் திருவடிகளை வணங்கி, ஆசிரியரைப் பற்றிச் சில சொற்களைத் தங்கள் முன் வைக்க விழைகின்றேன். இப்பொருளை நானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. ஒரு கடிதம் இதனை என் கையில் தந்தது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் நெற்குப்பை என்றோர் ஊர் உண்டு. பயண நூல்களால் புகழ்பெற்ற சோமலெ அவர்கள் பிறந்த ஊர் என்றால் நூல் பயில்வோர் அறிவர். நகரத்தாரின் பெரிய வீடுகள் நிறைந்த செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. அலுவல் காரணமாக அப்பகுதியில் நெடுநாளாக வாழ்ந்துவரும் நம்மவர் ஒருவர், அவ்வூரில் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்து யோகாசனப் பயிற்சிக்கூடம் ஒன்று தொடங்க முற்பட்டிருக்கிறார். வளவின் நடுவே திறந்த முற்றம்; சுற்றிலும் தூண் நிரை; ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரை. காலையில் ஆடவர்க்கும், மாலையில் பெண்டிர்க்கும் சிறுவர்க்குமாக இரண்டு வகுப்புகள். இடம் அமைந்துவிட்டது, ஆசிரியரே இன்னும் அமையவில்லை. நாளிதழில் கொடுப்பதற்காக அவர் எழுதிவைத்த விளம்பரத்தின் படியைக் கடிதத்துடன் இணைத்து, "நம் அறத்திற்கு இது பொருந்துமா? சமணர் ஒருவரைத்தான் அமர்த்த வேண்டுமா? கற்பிப்பதற்குக் கட்டணம் வாங்குவது பாவமாகுமா?" என்று கேட்டிருந்தார்.

அந்த விளம்பரத்தை மும்முறை படித்தேன். சான்றிதழ் வேண்டும், உடற்கட்டும் தோற்றப் பொலிவும் வேண்டும், கடினமான ஆசனங்களைச் செய்து காட்டவேண்டும், முதல் மூன்று மாதம் ஊதியம் கிடையாது, அதன்பின் சேர்வோரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு, வேறெங்கும் வகுப்பு எடுத்தலாகாது. இவ்வளவே அதில் இருந்தது. எழுதியவர் நல்லவர், அட்டமி சதுர்த்தசி தவறாது நோன்பு நோற்பவர். அவர் கையிலிருந்து இப்படியொரு விளம்பரம் வந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

யோகம் என்ற சொல்லுக்கு நம் ஆகமத்தில் ஒரு தனிப்பொருள் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைத் தொடங்கும்போதே, உடல், சொல், மனம் ஆகிய மூன்றின் செயற்பாட்டுக்கு யோகம் என்று பெயரிடுகிறார். அதுவே உயிரினுள் வினை ஊறும் வாயில் என்றும் காட்டுகிறார். நல்வழிப்பட்ட யோகத்தால் புண்ணியமும் தீவழிப்பட்ட யோகத்தால் பாவமும் ஊறும். கை ஒன்றைத் தூக்கினாலும் யோகம். விளம்பரம் ஒன்றை எழுதினாலும் யோகம்! யோகக்கூடத்துக்கு ஆளெடுப்பதும் இவ்வகையில் ஒரு யோகமே. இது சொல்விளையாட்டன்று. ஆசனம் தொடங்குமுன்பே, ஆசிரியரைத் தேடும் செயலிலேயே, ஊற்று திறந்துவிடுகிறது.

மற்றொரு பொருளிலும் நம் முன்னோர் யோகத்தைப் பேசினர். வீட்டுநெறியோடு உயிரை இணைக்கும் ஒழுக்கம் யாவும் யோகம் என்பது எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹரிபத்திரர் கொள்கை. சுபசந்திர ஆசாரியரின் ஞானார்ணவம் தியானத்தை விரித்துரைக்கும் நம் பெருநூல். அதில் ஆசனங்களும் மூச்சடக்கமும் கூறப்படுகின்றன; ஆயினும் அவை மனத்தை நிறுத்துதற்கு உதவும் அளவிலேயே மதிக்கப்படுகின்றன. நம் ஜினாலயங்களில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் எந்நிலையில் உள்ளன? ஒன்று, அமர்ந்த பரியங்க நிலை. மற்றொன்று, கைகள் தாழ நின்ற காயோத்சர்க்க நிலை. வேறு நிலை கண்டவர் இல்லை. வளைந்து முறுக்கிக் காட்டும் திறம் நம் திருவுருவங்களில் இடம்பெறவேயில்லை என்பதை, தோற்றப் பொலிவு கேட்கும் விளம்பரக்காரர் ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம்.

ஆசனக்கலைக்கு ஊரெங்கும் மேற்கோளாகக் காட்டப்படுபவர் பதஞ்சலி முனிவர். அவர் வகுத்த உறுப்புகள் எட்டு. அவற்றுள் ஆசனம் மூன்றாவது. முதலாவது யமம். யமம் என்பவை எவை? கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பொருட்பற்று இன்மை என்னும் ஐந்து. நம் வீட்டுக் குழந்தையை எழுப்பிக் கேட்டாலும் இவ்வைந்தையும் விரதம் என்று சொல்லிவிடும். இடமும் காலமும் பாராது இவற்றைக் காப்பதற்கு அவரும் மகாவிரதம் என்றே பெயர் தந்திருக்கிறார். ஆக, பயிற்சிக்கூடத்திற்கு ஆளெடுப்போர் பெரும்பாலும் மூன்றாம் உறுப்பிலிருந்தே வினவத் தொடங்குகின்றனர், முதலாவதைத் தொடுவதேயில்லை. ஒருவர் எவ்வளவு வளைகிறார் என்பதை ஒரு நாழிகையில் கண்டுவிடலாம். அவர் எவ்வளவு உண்மை பேசுகிறார் என்பதைக் காண்பது எளிதன்று; அதனாலேயே அவ்வினா கைவிடப்படுகிறது.

உமாஸ்வாமிகள் ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்தைந்து அதிசாரங்களைக் கூறினார். (மருத்துவர் கூறும் அதிசாரம் அன்று, விரதத்தின் எல்லையை மீறும் குற்றத்திற்கு நம் நூல்கள் இட்ட பெயர்.) இவற்றை நோன்பேற்கும் நாளில் ஒருமுறை கேட்டு, தலையசைத்து, மறந்துவிடுகிறோம். நெற்குப்பை அன்பரின் கடிதத்தை ஒருபுறமும் இப்பட்டியலை ஒருபுறமும் வைத்துப் பார்த்தபோது, ஆசிரியரைத் தேர்வதற்கு இதைவிட நுட்பமான வினாத்தாள் வேண்டுவதில்லை என்று தெளிந்தேன். வியப்பு என்னவெனில், அவ்வினாத்தாள் விண்ணப்பிக்க வருபவருக்கு மட்டும் உரியதன்று. நாற்காலியில் அமர்ந்து வினவுபவரும் அதே தாளில் எழுதியாக வேண்டும்.

பொய்யாமையை முதலில் எடுத்துக்கொள்வோம். பொய்யான உபதேசம் இதன் அதிசாரங்களுள் ஒன்று. "ஒரு மண்டலத்தில் சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி பறந்தோடும்" என்னும் பலகைகளைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். பயிற்சி உடலுக்கு நலம் தரும் என்பது உண்மை. மருந்தை நிறுத்திவிடலாம் என்று ஓர் ஆசிரியர் சொல்லி, ஒரு தாய் அதை நம்பி நிறுத்திவிட்டால், அச்சொல் பொய்யோடு நில்லாது ஹிம்சையிலும் சென்று முடியும். கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர் தலைகீழாக நின்றால் கண்ணின் அழுத்தம் மிகும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்க்கு விசைமிக்க கபாலபாதி ஏற்றதன்று. ஆதலின் நான் அன்பருக்கு எழுதினேன்: வருபவரை ஆசனம் செய்துகாட்டச் சொல்லவேண்டா. முழங்கால் வலியுள்ள முதியவர் ஒருவரை அழைத்துவந்து அவருக்குக் கற்பிக்கச் சொல்லுக. "ஐயா, தங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து உட்கொள்கிறீர்கள்?" என்று முதலில் கேட்கிறாரா? "இவ்வாசனம் தங்களுக்கு வேண்டா" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கிறதா? "இது என் அறிவுக்கு அப்பாற்பட்டது, மருத்துவரைக் காண்க" என்று கூறினால், அவர் பொய்யாமையில் தேறியவர்.

பொய்ப் பத்திரம் எழுதுதல் மற்றோர் அதிசாரம். நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018ஆம் ஆண்டில் யோகச் சான்றளிப்பு வாரியம் அமைந்தது. அது பயிற்றுநர்க்கும் ஆசிரியர்க்கும் படிநிலை வகுத்துத் தேர்வு நடத்திச் சான்று வழங்குகிறது. அச்சான்று கட்டாயமன்று, தன்விருப்பின்பாற்பட்டது. சுவேதாம்பரரின் தேராபந்த மரபில் இராஜஸ்தானத்து லாட்னூனில் உள்ள ஜைன விசுவபாரதி 1991இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, யோகத்தை ஒரு துறையாகவே கற்பித்து வருகிறது. இவ்வாறு முறையாகப் பயின்றோர் இருக்க, சில நாளில் தாள் ஒன்றை விலைக்கு வாங்கி வருவோரும் இருக்கின்றனர். வழங்கிய இடத்திற்கு எழுதி உறுதி செய்துகொள்வது ஐயமன்று, கடமை. இனி, தாளின் மறுபக்கம்: அரசின் ஒப்புதல் எதுவும் பெறாத கூடத்தின் வாயிலில் "அங்கீகாரம் பெற்றது" என்று பலகை எழுதுவது யார்? கூடத்துக்கு உரியவர். யோகமும் இயற்கை மருத்துவமும் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற மருத்துவர் வேறு, ஆசனப் பயிற்றுநர் வேறு என்பதை மறைத்து, பயிற்றுநரை டாக்டர் என விளம்பரம் செய்வதும் உரியவரே. பொய்ப் பத்திரம் இரு கைகளாலும் எழுதப்படும்.

மறைபொருளை வெளியிடுதலும் அதிசாரமே. பயிற்சிக்கு வரும் பெண்மணி தன் கருப்பத்தையும், இளைஞன் தன் மனச்சோர்வையும் ஆசிரியரிடம் நம்பிச் சொல்வர். சிற்றூரில் ஒரு சொல் மாலைக்குள் நான்கு தெருவைச் சுற்றிவரும். முன்பு பணியாற்றிய இடத்தைப் பற்றி வருபவரிடம் பேச்சுக் கொடுத்தால், அங்கிருந்தோர் குறைகளை அவர் சுவைபட எடுத்துரைக்கிறாரா என்பதைக் கேட்டாலே போதும்.

பவணந்தி முனிவர் நம்மவர் என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு. அவருடைய நன்னூலின் பாயிரத்தில், ஆசிரியராகத் தக்கவர்க்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியன உவமையாயின. தகாதவர்க்கு அவர் காட்டிய உவமைகளோ இன்னும் கூர்மையானவை. கழற்காயைப் போட்டு வைத்த குடம் அவற்றுள் ஒன்று. போட்ட முறையில் காய் வெளிவராது, கலைந்தே விழும். ஏறிப் பறிக்க இடம் தராமல் தானாகப் பழம் உதிர்க்கும் மடற்பனை மற்றொன்று. பஞ்சை அடைத்த குண்டிகையில் அடைத்ததும் சிறிது சிறிதாகவே, எடுப்பதும் சிறிது சிறிதாகவே. நீர் வார்த்தவன் வீட்டில் நின்றுகொண்டு, சாய்ந்து, அடுத்தவன் முற்றத்தில் காய் உதிர்ப்பது முடத்தெங்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியவர், இன்று வகுப்புக்கு வரும் மாணவரைத் தம் வீட்டுத் தனிப்பயிற்சிக்கு இழுத்துச் செல்லும் ஆசிரியரை நேரிற் கண்டார் போலும்! அன்பரின் விளம்பரம் இந்த நான்கினுள் முடத்தெங்கு ஒன்றுக்கே அஞ்சியது. வேறெங்கும் வகுப்பு எடுக்கலாகாது என்ற விதி அந்த அச்சத்தின் பயன். நல்லது. ஆனால் மூன்று மாதம் நீரே வார்க்காமல், காய் அடுத்த முற்றத்தில் விழலாகாது என்று தென்னையைக் கட்டுப்படுத்த எவர்க்கு உரிமை உண்டு?

இங்கேதான் நாம் நின்று பேச வேண்டும்.

கொல்லாமை என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களாகக் கூறப்பட்டவை: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஆடு மாடுகளைப் பற்றியன என்றே இவற்றைக் கேட்டு வருகிறோம். வண்டி மாடுகள் நம் தெருவை விட்டுப் போய்விட்டமையால், கடைசி இரண்டும் நம்மைத் தொடமாட்டா என்று நிம்மதியும் கொள்கிறோம். மூன்று மாதம் ஊதியமின்றிப் பணி செய்க என்பது உணவைத் தடுத்தல் அன்றி வேறென்ன? காலை ஐந்து மணி வகுப்புக்கும் மாலை ஏழு மணி வகுப்புக்கும் இடையே கூடத்தைக் கூட்டுவதும் கணக்கெழுதுவதும் உனதே என்று ஒருவர் தலையில் வைப்பது மிகுசுமை அன்றி வேறென்ன? எறும்பைக் கண்டால் ஒதுங்கி நடக்கும் நாம், மனிதரின் வயிற்றை மிதித்துக்கொண்டு செல்கிறோம் என்பதை உணர்வதேயில்லை.

பிறர் குற்றத்தை எளிதாகப் பேசிவிட்டேன். என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்க்கான பாடசாலை நடந்துவந்தது. பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் வந்து ஒரு சகோதரி கற்பித்தார். முப்பது குழந்தைகளுக்குக் குறையாமல் கூடுவர். அவருக்கென்று ஒரு சிறு தொகை பேசியிருந்தோம். இரண்டு மாதம் கொடுத்தோம். பிறகு நிலுவை விழுந்தது. கூட்டத்தில் அப்பேச்சு எழுந்தபோது, "அறப்பணிதானே, சேவையாகச் செய்யட்டும்" என்று சொன்னவன் நான்தான். மகாவீரர் ஜெயந்தியன்று மேடையேற்றி அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம், அனைவரும் கைதட்டினோம். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை. பேருந்துக் கட்டணத்திற்கு வழியில்லை என்பதைப் பின்னர் வேறொருவர் வாயிலாக அறிந்தோம். பாடசாலை நின்றது. அன்று அங்கே அமர்ந்திருக்க வேண்டிய குழந்தைகள் இன்று வளர்ந்து, பணிக்குச் சென்று, மணமும் முடித்துவிட்டனர். ணமோகார மந்திரத்தைத் தாளைப் பார்த்துப் படிப்போர் அவர்களுள் உண்டு. அந்த நிலுவையை நான் பின்னர்க் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். நின்றுபோன ஆண்டுகளை எவ்விதம் கொடுப்பது?

நம்மிடையே இப்பிழை வருவதற்கு ஒரு காரணம் உண்டென எண்ணுகிறேன். குரு வேறு, வித்தையால் வாழும் ஆசிரியர் வேறு என்பதை நாம் குழப்பிக்கொள்கிறோம். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் உரைக்குமாறு, குரு என்பார் புலனாசையும் தொழிலும் உடைமையும் துறந்து, ஞானத்திலும் தியானத்திலும் தவத்திலும் ஈடுபட்டோர். அவர்க்கு நாம் அளிப்பது ஆகாரதானம், ஊதியமன்று. ஆசனம் கற்பிக்கும் பயிற்றுநரோ நம்மைப்போல் இல்லறத்தார். அவருக்கு வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் உண்டு. அவரைத் துறவியைப்போல் உயர்த்திக் காலில் விழுவது பாசண்டி மூடத்தின் வாயில். துறவியைப்போல் எண்ணி ஊதியம் மறுப்பது ஹிம்சையின் வாயில். இவ்விரண்டும் ஒரே மயக்கத்தில் பிறந்தவை. வெளிநாடுகளிலும் நம் நாட்டிலும் யோக ஆசிரியர் சிலரைத் தெய்வமாக்கிவிட்டு, பின்னர் அவர்களால் மகளிர் இன்னலுற்ற செய்திகளைக் கேட்டோம். ஆசிரியரை ஆசிரியராகவே வைத்திருந்தால் அவர்க்கும் நலம், மாணவர்க்கும் நலம்.

கட்டணம் வாங்குவது பாவமா என்று அன்பர் கேட்டதற்கும் இதிலேயே விடையுண்டு. கற்பக மரங்கள் மறைந்து மக்கள் வாழும் வழியறியாது திகைத்தபோது ஆதிபகவன் வகுத்தளித்த தொழில்கள் ஆறு: வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம். வித்தை கற்பித்து வாழ்தல் பகவானே அனுமதித்த தொழில். பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்தவர் அவர். கட்டணம் வாங்கலாம், ஆசிரியர்க்கும் கொடுக்கலாம், கொடுத்தே ஆகவேண்டும்.

எவ்வளவு கொடுப்பது? ஓர் அளவுகோல் வேண்டுமெனில், அரசின் ஆயுஷ் நலவாழ்வு மையங்களில் பகுதிநேர யோகப் பயிற்றுநர்க்கு வகுத்த முறையைக் காண்க. ஒரு வகுப்புக்கு 250 ரூபாய். ஆண் பயிற்றுநர்க்கு மாதம் 32 வகுப்பு, பெண் பயிற்றுநர்க்கு 20 வகுப்பு. அதாவது மாதத்திற்கு அவருக்கு 8,000, இவருக்கு 5,000. இதைக்கொண்டு ஒரு குடும்பம் நடத்த இயலாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? நெற்குப்பைக் கூடத்தில் காலை ஒன்று, மாலை ஒன்று. மாதத்தில் 26 நாள். ஆக 52 வகுப்புகள். அரசின் வீதப்படியே கணக்கிட்டாலும் 13,000 ரூபாய் ஆகிறது. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 6,500. இத்தொகைக்கு ஒருவரை அமர்த்திவிட்டு வேறெங்கும் கற்பிக்கலாகாது என்று தடுப்பது மீண்டும் உணவைத் தடுப்பதே ஆகும். பிற இடங்களில் கற்பிக்க அவரை விடுக. தங்கள் மாணவரை இழுத்துச் செல்லாதிருக்க மட்டும் சொல் வாங்குக.

நகரத்தார் மண்ணில் இருந்துகொண்டு இதற்கு நான் வேறு எங்கோ சான்று தேட வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் அவர்கள் வட்டித் தொழில் நடத்திய நாளில், கடைக்கு அனுப்பும் மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் பெட்டியடிப் பையனுக்கும் சம்பளச் சீட்டு எழுதினர். மூன்றாண்டுத் தவணை, இவ்வளவு ஊதியம், அதில் ஒரு பகுதி புறப்படுமுன்பே குடும்பத்தார் கையில். ஆளை அனுப்புமுன் வீட்டில் அடுப்பெரிய வழி செய்தனர். வட்டித் தொழிலின் நன்மை தீமையை வரலாறு பேசட்டும். இந்த ஒழுங்கை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அவ்வீட்டின் வளவிலேயே அத்தகைய சீட்டுகள் எழுதப்பட்டிருக்கக்கூடும். அதே இடத்தில் மூன்று மாதம் வெறுங்கையாக வேலை வாங்குவது அவ்வீட்டிற்கே பொருந்தாது.

நம் காப்பியத்திலும் ஒரு வணிகன் தன் மகனுக்கு ஆசிரியரை அமர்த்துகிறான். சீவக சிந்தாமணியை நினைவுகூர்க. அச்சணந்தி அடிகள் கல்விக் கடலாயினும் யானைத்தீ என்னும் தணியாப் பசிநோயால் வருந்தியவர். இராசமாபுரத்துக் கந்துக்கடன் இல்லத்தில் உணவு பெற்று அந்நோய் நீங்கினார். அதன்பின்னரே சீவகனுக்குக் கலைகள் யாவும் கற்பித்தார். திருத்தக்கதேவர் இதை வீணே வைத்திலர். ஆசிரியரின் பசி தீர்ந்த இடத்திலிருந்தே மாணவனின் கல்வி தொடங்குகிறது. இன்னொரு சான்று நம் வந்தவாசிப் பக்கத்திலேயே கல்லில் இருக்கிறது. கல்வெட்டில் விடால் என வழங்கும் வேடல் என்னும் ஊரில், முதல் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியார் இருந்தார். ஐந்நூறு மாணாக்கியர்க்கும் நானூறு தவப் பெண்டிர்க்கும் இடையே பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிப்போம் என்று ஊரார் ஏற்றுக்கொண்டனர். பிணக்கை யார் தொடங்கினார், யார் பக்கம் நியாயம் என்னும் ஆராய்ச்சி அக்கல்வெட்டில் இல்லை. சோறு நிற்கலாகாது என்பதே அவ்வூரார் முதல் கவலை.

அவர் பெண் ஆசிரியர் என்பதையும் கவனிக்க. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பலர் பெயர் காண்கிறோம். பெண்டிர்க்குப் பெண்ணே ஆசிரியராய் இருந்த மரபு தமிழ்ச் சமணத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஆசனம் கற்பிக்கையில் உடலைத் தொட்டுத் திருத்த நேரும். ஆதலின் நெற்குப்பையில் மாலை வகுப்பிற்குப் பெண் ஒருவரையே அமர்த்துக என்று எழுதினேன். தொடுமுன் மாணவரின் ஒப்புதல் கேட்பது இரு வகுப்புக்கும் விதியாகட்டும். பொன்னமராவதியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ அவர் வருவாராயின், இருட்டுமுன் பேருந்து ஏறும்படி வகுப்பு முடியவேண்டும். நேரம் மாற்றுவது மாணவர்க்குச் சிறிது இடர்தான். ஆசிரியர்க்கு நேரக்கூடிய இடரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

சமணரைத்தான் தேட வேண்டுமா என்ற வினா எஞ்சியிருக்கிறது. அப்பகுதியில் சமணப் பயிற்றுநர் கிடைப்பது அரிது என்பது ஒருபுறமிருக்க, கிடைத்தாலும் அதுவே தகுதியாகாது. வேற்று மரபு யோகிகளையும் மதித்து அவர்கள் நூல்களை ஆராய்ந்தவர் ஹரிபத்திரர். அநேகாந்தம் பேசும் நாம், வருபவர் நெற்றியைப் பார்த்து முடிவு செய்தலாகாது. அவர் முருகனைப் பாடி வகுப்பைத் தொடங்கினால் தொடங்கட்டும். கூடத்தின் ஒழுங்குகளை மட்டும் முதல் நாளே வெளிப்படச் சொல்லிவிடுக: பயிற்சி முடிந்ததும் எலுமிச்சை நீரில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு, இங்கே அது இல்லை. மான்தோல், பட்டு விரிப்புகள் இல்லை. விரிப்பை விரிக்குமுன் தரையைப் பார்த்து, மெல்லப் பெருக்கி, பிறகே விரிக்க வேண்டும். திறந்த முற்றமுள்ள வீட்டில் மழைக்கு முன் எறும்பு நிரை உள்ளே வரும். சொல்லாமலே தரையைப் பார்த்து விரிப்பவர் எவராயினும், அவர் எம்மரபினராயினும், அவரை விட்டுவிடாதீர் என்று அடிக்கோடிட்டு எழுதினேன்.

நெற்குப்பையிலிருந்து ஒரு பகலில் சென்று திரும்பத்தக்க தொலைவில் சித்தன்னவாசல் இருக்கிறது. ஏழடிப்பாட்டத்தில் பதினேழு கற்படுக்கைகள். அங்குள்ள பழைய பிராமிக் கல்வெட்டு, எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்கு வேற்றூர் இளையர் இருக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுகிறது. கீழே அறிவர் கோயிலைப் புதுக்கியவரோ மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். வேறு நாட்டிலிருந்து வந்தவர்க்கு இருக்கை செய்து கொடுத்ததும், ஆசிரியன் என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்துக் கல்லில் வெட்டியதும் அந்த ஒரே குன்றில்தான். கூடம் திறக்குமுன் ஆசிரியர் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கே சென்றுவருமாறு அன்பருக்கு எழுதினேன்.

அவரிடமிருந்து மறுமொழி வந்துவிட்டது. விளம்பரத்தைத் திருத்திவிட்டார். தோற்றப் பொலிவு போய்விட்டது; மூன்று மாதமும் போய்விட்டது. முதல் மாதம் தொட்டே ஊதியம், ஐந்தாம் தேதிக்குள் கையில், இரு படிகளில் எழுதிய சீட்டு ஒன்று ஆசிரியரிடம் இருக்கும் என்று அச்சிடக் கொடுத்திருக்கிறார். ஓர் ஐயம் மட்டும் மீண்டும் கேட்டிருந்தார்: கூடத்திற்கு அட்டமியும் சதுர்த்தசியும் விடுமுறை விடலாமா? விடலாம், அன்று தாங்கள் நோன்பு நோற்கலாம். அந்நாட்களுக்கு ஊதியம் பிடிக்கலாகாது என்று எழுதியிருக்கிறேன். கூடவே, செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்வோர் பலர். வருகின்ற ஆசிரியர் அவ்வழக்கம் உடையவராயின், அந்த நாட்களையும் சீட்டில் சேர்த்து எழுதிவிடச் சொன்னேன்.